கேள்விக்குறி போட்ட செய்தி

அந்தப் படத்தில் இருக்கும் இருவரும் முன்பின் அறியாதவர்கள். இடது பக்கத்தில் என் அண்ணனின் மகள் நீலச் சேலையில் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரிக்கிறாள். வலது பக்கத்தில் ஓட்டமாவடிப் பையன் ஏதோ கல்யாண வீட்டில் வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறான். இரண்டு வேறு படங்களை வெட்டி ஒட்டியிருந்தார்கள். நடுவில் சிவப்பு நிறத்தில் ஓர் இதயம், அதன் குறுக்கே ஒரு பிளவு. மகளின் தோளில் நான்கு விரல்கள் தெரிகின்றன. அவை என்னுடையவை. குடும்பத்தில் ஒரு திருமணத்தின்போது அவளை அணைத்தபடி நான் நின்ற படம் அது. என்னை வெட்டியவர்கள் என் விரல்களை விட்டுவிட்டார்கள். பிறகு யாரோ அந்த விரல்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, “இந்தக் கை யாருடையது?” என்று எழுதி மறுபடியும் பகிர்ந்தார்கள். அதன் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் பதில் எழுதியிருந்தார்கள். மோதிரம் அணிந்த, நரம்பு புடைத்த, நடுவயதுப் பெண்ணொருத்தியின் கை அது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நான் எழுதப்போவது மகளைப் பற்றியல்ல. அவளைப் பற்றி எழுதத் தொடங்கினால் என்னால் முடிக்க ஏலாது. இது அவளுடைய தாயைப் பற்றியது. எனக்கு அவர் மச்சாள். பேர் போடாதே என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. அது எந்த வருடத்து வெள்ளம், எந்த இடத்துத் தோணி என்பதையும் நான் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடாமல் இருந்தால் நல்லது.

மச்சாள் என் அண்ணனைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதிகம் பேசாதவர். கிரானுக்கு மேற்கே, ஆற்றைத் தாண்டிய வட்டை வெளியில் அண்ணனுக்கு வயல் இருந்தது. வயலோரத்திலேயே வீடு. மச்சாள் மாடு வளர்த்தார். பால் காய்ச்சி உறைய வைத்து, தயிர்ச்சட்டிகளை ஓலைப்பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு கடைக்குக் கொடுப்பார். அந்தக் கடைக்காரரும் அவர் மனைவியும் மச்சாளுக்குச் சொந்தக்காரர் மாதிரி. நோன்புக் காலத்தில் கஞ்சி கொடுத்து அனுப்புவார்கள். பொங்கலுக்கு இங்கிருந்து பானையோடு போகும். அந்தத் தயிரில்தான் மகள் படித்தாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கம்பஸுக்கு அவள் எடுபட்ட அன்று மச்சாள் சிரித்ததைப் பார்த்த பிறகுதான், அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது எனக்குத் தெரிந்தது.

அந்த மார்கழியில் மழை விடவே இல்லை. குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தன, ஆறு பெருகி வீதிக்கு மேலே ஓடியது. எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அது புதிதல்ல. வருடா வருடம் வீதி மூழ்கும், சனங்கள் தோணியில் போய் வருவார்கள். கம்பஸ் விடுதியை மூடுகிறார்கள் என்று மகள் போன் எடுத்தாள். நாளைக்கு வந்து கூட்டி வருகிறேன் என்று அண்ணன் சொன்னார். அன்றைக்கே வந்துவிடுவதாக அவள் தாயிடம் சொன்னாள். எல்லாரும் போகிறார்கள், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்றாள். கவனமாக வா என்று மச்சாள் சொன்னார். இவ்வளவுதான் நடந்தது. பிறகு இந்தச் சின்ன விஷயத்தையே ஊர் பிடித்துக்கொண்டு, “அவள் ஏன் தகப்பனுக்குச் சொல்லாமல் வந்தாள்?” என்று கேட்டது.

பின்னேரம் தோணி புறப்பட்டது. மகள் ஏறினாள். வேறு சிலரும் ஏறினார்கள். அக்கரையில் தன் வாப்பாவின் மாடுகள் வெள்ளத்தில் நிற்கின்றனவா, போய்விட்டனவா என்று பார்க்க வந்த ஓட்டமாவடிப் பையனும் ஏறினான். பாதி வழியில், தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த வேலியொன்றில் தோணி மாட்டிச் சரிந்தது. மற்றவர்கள் விழுந்த இடத்தில் இடுப்பளவுதான் தண்ணீர். மகள் விழுந்த பக்கத்தில் மதகு இருந்தது. அங்கே நீர் இழுத்தது. அடுத்த நாள் காலையில்தான் இருவரையும் எடுத்தார்கள். தூரத்தில், சம்புப் புல்லுக்குள்.

எடுத்தவர்கள் கண்டது இதுதான்: மகளின் தோளில் அவளுடைய புத்தகப் பை இருந்தது. அந்தப் பையின் பட்டி பையனின் கையில் இறுகிப் போயிருந்தது. நாங்கள் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே என் போனுக்குச் செய்தி வந்துவிட்டது. “கைகோர்த்தபடி சடலமாக மீட்கப்பட்ட மாணவியும் இளைஞனும். காதல் விவகாரமா?” நான் பஸ்ஸில் இருந்தேன். எனக்கு முன்னால் இருந்த பெண்ணும் அதையே வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்துவிட்டு உச்சுக் கொட்டினார். விரலால் தள்ளி அடுத்த செய்திக்குப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மற்றவர்களுடைய செய்திகளை நானும் அப்படித்தான் தள்ளியிருப்பேன்.

பிணவறை வாசலில் இரண்டு குடும்பங்களும் நின்றன. ஒரு மரத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். முதல் நாள் இந்த வெள்ளத்தில் இருவரும் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, ஒரே துயரம் விழுந்த இரண்டு வீடுகளாகத்தான் நாங்கள் இருந்தோம். காலையில் அந்தச் செய்தி வந்த பிறகு ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்க முடியாதவர்களாகிவிட்டோம். அந்த மரத்தடியில் போன்கள் உயர்ந்து நின்றன. ஒரு பையன் மச்சாளின் முகத்துக்கு மிகவும் கிட்டப் போனை நீட்டியபோது என் தம்பி அவனைத் தள்ளினான். தள்ளியதையும் படம் எடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண் நிலத்தில் இருந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தார். அவரையும் எடுத்தார்கள். மாலையாவதற்குள் இரண்டு தாய்மாரும் அழுவதை ஒரே சட்டகத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னால் ஒரு சோகப் பாட்டைப் போட்டு விட்டிருந்தார்கள்.

அடுத்து வந்த நாட்களை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கனடாவில் இருக்கிற ஒருவர் எங்கள் மகளை நன்றாக வளர்க்கவில்லை என்று எழுதினார். முகமே இல்லாத ஒருவர், பையனின் ஊர்க்காரர்கள் திட்டம் போட்டே இப்படிச் செய்கிறார்கள் என்று எழுதினார். அதற்குப் பதிலாக அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் பெண்களைப் பற்றி எழுதினார். இதை எல்லாம் வாசித்த எங்கள் ஊர்ப் பொடியன்கள் சிலர் சந்தியில் கூடி, போய்க் கேட்போம் என்று கிளம்பினார்கள். கோவில் நிருவாகத்தார் போய் மறித்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. இந்தக் கரையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு, இப்படித் தொடங்கிய சின்னக் கதைகள் முன்பு எங்கே போய் முடிந்தன என்பது தெரியும்.

ஆனால் மச்சாளை உடைத்தது இது ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் அண்ணன் அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கேட்டார். நான் அங்கே நின்றேன்.

“உனக்குத் தெரியுமா அவன?”

மச்சாள் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“தெரியாமலா அவ இண்டைக்கே வாறன் எண்டவ? நான் நாளைக்கு வாறன் எண்டு சொன்னனே.”

“உங்கட புள்ளயப் பத்தி நீங்களே இப்பிடிக் கேட்டா, ஊரான் கேட்டதில என்ன பிழை இரிக்கி?” என்று மச்சாள் சொன்னார். சத்தம் போடாமல்தான் சொன்னார். அண்ணன் வெளியே போய் மாட்டுக் கட்டையில் குந்திக்கொண்டார். என் அண்ணன் நல்ல மனிதர். மகளைத் தோளில் வைத்து வயல் வரம்பில் நடந்தவர். அந்த மனிதரின் வாயிலிருந்தே இந்தக் கேள்வி வரும் அளவுக்கு ஒரு வரிச் செய்தியால் ஒரு வீட்டுக்குள் புக முடிகிறது. செத்த பிள்ளைக்காக அழ வேண்டிய நாட்களில், செத்த பிள்ளை என்ன செய்தாள் என்று எங்களை யோசிக்க வைத்துவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

எட்டாம் நாள் அந்தத் தோணிக்காரர் வந்தார். அவர் முகமும் கால்களும் வீங்கியிருந்தன. வாசலிலேயே நின்றார். வந்து இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை.

“போன் வச்சிருந்த பொடியனுகள் எல்லாரிட்டயும் சொன்னன். பொலிசிலயும் சொன்னன், விசாரணைக்கு வந்த ஐயாவிட்டயும் சொன்னன். ஒருத்தனும் நான் சொன்னத்தப் போடல்ல. அதான் உங்களிட்டயாவது சொல்லிட்டுப் போவம் எண்டு வந்த” என்றார்.

பிறகு சொன்னார். தோணி சரிந்ததும் பையன் நீந்தி வேலிக் கட்டையைப் பிடித்துவிட்டான். அவனுக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். திரும்பிப் பார்த்திருக்கிறான். பையின் பாரம் இழுக்க மகள் மதகுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். கட்டையை விட்டுவிட்டுப் பாய்ந்தான்.

“‘தங்கச்சி, பேக்க விடு, பேக்க விடு’ எண்டுதான் கத்தினவன். எட்டிப் பேக்கில பிடிச்சிட்டான். மறுகா ரெண்டு பேரயும் நான் காணல்ல.” பிறகு மச்சாளைப் பார்த்துச் சொன்னார். “பேர் தெரிஞ்சிருந்தா பேரைச் சொல்லித்தானே அம்மா கத்தியிருப்பான். உசிர் போற நேரத்தில ஆரு தங்கச்சி எண்டு நடிப்பான்?”

அண்ணன் எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போனார். அவர் மகளுக்காக அழுத சத்தத்தை நாங்கள் முதல் தடவையாக அப்போதுதான் கேட்டோம். மச்சாள் அழவில்லை. தோணிக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, “புள்ள, அந்தத் தாய்க்கு இது தெரியுமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. ஓட்டமாவடிக்குப் போக வேண்டும், அந்த வீட்டைக் கண்டுபிடித்து, உங்கள் மகன் என் மகளுக்காகத்தான் போனான் என்று சொல்ல வேண்டும் என்று நின்றார். வீட்டில் ஒருவரும் விடவில்லை. அண்ணன் விடவில்லை, மச்சாளின் அண்ணன்மார் விடவில்லை, நானும் போக வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீங்கள் அந்த வீட்டுப் படியில் ஏறுவதை ஒருவன் படம் எடுத்தால் போதும், சம்பந்தி வீட்டுக்குப் போனாள் என்று போடுவான். அந்த வீட்டுக்கும் அது நல்லதில்லை. சொன்னதில் பிழை இல்லை. அப்படித்தான் நடந்திருக்கும். தன் பிள்ளைக்காக உயிர் விட்டவனின் தாய்க்கு நன்றி சொல்வது, வேறு எந்தக் காலத்திலும் ஒரு மனுசி செய்யக்கூடிய மிகச் சாதாரணமான காரியம். அதுகூட ஏலாமல் போனது.

அதனால், முதலில் பொய்யை அழிப்போம் என்று மச்சாள் முடிவெடுத்தார். முப்பத்தோராம் நாள் முடிந்து, அந்தச் செய்தியை முதலில் போட்ட முகநூல் பக்கத்தை நடத்துகிறவரைத் தேடி நாங்கள் இருவரும் போனோம். சந்தியொன்றில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தார். கெட்டவன் ஒருவனை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். மிகவும் மரியாதையான இளைஞர். எழும்பி நின்று கதிரை போட்டார். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். சுவரில், பின்னணிக்காக வரைந்த தாமரைக் குளத்துக்கு முன்னால் நாங்கள் இருந்தோம்.

“நாங்க அப்பிடித்தான் எண்டு போடல்ல அம்மா. பாருங்க, கேள்விக்குறி போட்டுத்தான் இரிக்கி” என்று தன் போனை எடுத்துக் காட்டினார்.

மச்சாள் அதை நெடுநேரம் பார்த்தார். “கேள்வி எண்டா ஆரிட்டயாவது கேக்கணுமே மகன். எங்களிட்ட ஒருத்தரும் கேக்கல்லயே.”

அந்த இளைஞர் தலை குனிந்தார். பிறகு, மன்னிப்புக் கேட்பது போன்ற குரலில், உண்மையிலேயே உதவி செய்யும் எண்ணத்தோடு சொன்னார். “இப்ப கேக்கன் அம்மா. நீங்களே நேரலையில வந்து பேசுங்க. தாய் பேசினா நல்லாப் போகும். அழுகை வந்தாலும் அடக்க வேணாம்.”

“நான் அழுதா நம்புவாங்களா?”

“பாப்பாங்க அம்மா” என்றார் அவர்.

தான் என்ன சொன்னோம் என்பது அந்த இளைஞருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. மச்சாளுக்கு விளங்கியது. அவர் கேட்டது நம்புவதைப் பற்றி. பதில் வந்தது பார்ப்பதைப் பற்றி. எங்கள் கண் முன்னாலேயே அந்த இளைஞர் தன் பதிவை அழித்தார். மகளின் படம் எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்டேன். மகளோடு படித்த பிள்ளையொன்று அழுதுகொண்டே போட்ட அஞ்சலிப் பதிவிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். மற்றவர்கள் போட்டதைத் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது, அது இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது என்றும் ஒளிக்காமல் சொன்னார். பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்து எங்களை ஏற்றிவிட்டார். அவர் மீது கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

அத்தோடு மச்சாள் விட்டுவிட்டார். ஓட்டமாவடிக்குத் தயிர் கொண்டுபோவதை நிறுத்தினார். அந்தக் கடைக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டும் போகவில்லை. கிரான் சந்திக்கு அங்கால, ஓட்டமாவடிப் பக்கம் அவர் கால் வைக்கவே இல்லை. மாடுகளில் பாதியை விற்றார். போனைத் தொடுவதை விட்டார். எங்கள் வீடுகளில் யாராவது போனில் ஏதாவது ஓடவிட்டால் எழும்பி வளவுக்குள் போய்விடுவார். இதற்கிடையில் ஊர் எங்களை மறந்துவிட்டது. வேறொரு விபத்து, வேறொரு தற்கொலை, வேறொரு தாயின் அழுகை வந்துவிட்டது. எங்களைப் பற்றி அவ்வளவு எழுதியவர்களுக்கு இப்போது எங்கள் மகளின் பேர்கூட நினைவிருக்காது. ஒரு வீட்டை இப்படிக் கிளறிப் போட்டுவிட்டு அவ்வளவு சுகமாக மறந்தும் போக முடிகிறதே என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

ஒன்றரை வருடம் கழித்து மச்சாளுக்கு நீரிழிவு, சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். நகரத்து வைத்தியசாலையில் மாதாமாதம் கிளினிக். விடிய வெறும் வயிற்றோடு போக வேண்டும், இரத்தம் கொடுக்க வேண்டும், நீளமான வாங்குகளில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். சில மாதங்களுக்குப் பிறகு அவரில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். கிளினிக் நாளுக்கு முதல் நாள் தலை முழுகுவார். நல்ல சேலை எடுத்து வைப்பார். ஒருமுறை தயிர் உறைய வைத்துப் பையில் வைத்ததைக் கண்டு, டொக்டருக்கா என்று பகிடியாகக் கேட்டேன். மச்சாள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“அந்தத் தாயும் அங்கதான் மருந்தெடுக்கிறா.”

இருவரும் ஒருவரையொருவர் எப்படி அறிந்தார்கள் என்று கேட்டேன். “ரெண்டு பேரும் அழுததத்தான் உலகமே பாத்திச்சே. நாங்களும் பாத்ததுதானே” என்றார். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாட்டுப் போட்டு விட்ட அந்தக் காணொளியிலிருந்துதான் இரண்டு பேருக்கும் மற்றவரின் முகம் தெரிந்திருந்தது.

அடுத்த மாதம் மச்சாளோடு நானும் போனேன். காத்திருக்கும் வாங்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நான் சற்றுத் தள்ளி இருந்தேன். ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. இருவரும் முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடியே மெல்லப் பேசினார்கள். பார்ப்பவர்களுக்கு, வரிசை நகரவில்லை என்று இரண்டு நோயாளிகள் அலுத்துக்கொள்வது போலத்தான் இருக்கும். அப்படித்தான் பழகியிருந்தார்கள். ஒருவர் வெளியே போய் நெடுநேரம் கழிந்த பிறகுதான் மற்றவர் எழும்புவார். தயிர்ச்சட்டி வாங்குக்குக் கீழே ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறும்.

முதல் தடவை பேசியபோது நடந்ததை மச்சாள் எனக்குச் சொல்லியிருந்தார். தோணிக்காரர் வந்து சொன்னதை அந்தப் பையனின் உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது தெரிந்தே இருக்கவில்லை. தோணிக்காரர் அவர்களைத் தேடிப் போக வெளிக்கிட்டிருக்கிறார். வழியில் யாரோ பயங்காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகனுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த வீட்டார் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதும், பள்ளிவாசலில் ஆட்கள் குசுகுசுத்ததும், வாப்பா தேத்தண்ணிக் கடைக்குப் போவதை நிறுத்தியதும்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்த கதை. உம்மா சொன்னாராம்: “நானும் அவன்ட அலுமாரியக் கிளறிப் பாத்தன் புள்ள. சட்டப் பையெல்லாம் தேடிப் பாத்தன். ஒண்டும் இல்ல. ஒண்டும் இல்லாதது பெரிசில்ல. மௌத்தாப்போன புள்ளைட அலுமாரிய ஏன் கிளறினன் எண்டுதான் நெஞ்சு எரியுது.” பிறகு, “அவன் என்ன சொல்லிக் கூப்பிட்டான்? இன்னொருக்காச் சொல்லுங்க” என்று கேட்டாராம். மச்சாள் சொன்னார். அன்றிலிருந்து மாதாமாதம் அவர் கேட்கிறார், இவர் சொல்கிறார். நான் போன அன்றைக்கும் கேட்டார். சொல்லி முடியும்வரை உம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு இரத்தம் எடுக்க மிகவும் சுணங்கியது. மின்விசிறி ஓடவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் போனில் ஏதோ விபத்துக் காணொளி பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு தாய் ஓலமிடும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. மச்சாள் எழும்பிப் போகப் பார்த்தார். அந்த நேரம்தான் உம்மா அப்படியே முன்னால் சரிந்தார். வெறும் வயிற்றில் சீனி இறங்கிவிட்டது. தாதி ஒருவர் ஓடி வந்தார். சனங்கள் சுற்றி நின்றார்கள். வழக்கம்போலச் சில போன்களும் உயர்ந்தன.

“இவவோட ஆக்கள் ஆரும் வந்திரிக்கீங்களா?” என்று தாதி கேட்டார்.

அந்த உம்மா எப்போதும் தனியாகத்தான் வருவார். நான் மச்சாளைப் பார்த்தேன். அவர் முகத்தைச் சேலையால் மறைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் எழும்பி முன்னால் போனார்.

“நான் இரிக்கன் மிஸ்ஸி.”

பெரிய குங்குமப் பொட்டும் சேலையுமாக நின்ற அவரையும், அபாயாவோடு கிடந்தவரையும் தாதி மாறி மாறிப் பார்த்தார். “நீங்க அவக்கு என்ன முறை?”

மச்சாள் நிலத்தில் குந்தி உம்மாவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். பிறகு நிமிர்ந்து, அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “அவட மகன் என்ட மகளக் காப்பாத்தப் போய்ச் செத்தவர்.”

தாதி குளுக்கோஸ் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மச்சாள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார். உம்மா கண் விழித்து, தன் தலை எங்கே இருக்கிறது என்று உணர்ந்ததும் பதறி எழும்பப் பார்த்தார். மச்சாள் விடவில்லை.

மருந்தெடுத்து வெளியே வந்ததும் நான் சொன்னேன். படம் எடுத்திருப்பார்கள் மச்சாள், இன்றைக்கே போட்டுவிடுவார்கள். மறுபடியும் அதெல்லாம் தொடங்கும் என்று பயந்தேன்.

“போட்டா போடட்டும் புள்ள” என்றார். “ஒளிச்சு ஒளிச்சுக் கதைச்சுக் களைச்சுப் போனன். என்ட புள்ளையும் பிழை செய்யல்ல, அவட புள்ளையும் பிழை செய்யல்ல. நாங்க ஏன் ஒளிக்கிற?”

வீரமாகச் சொல்லவில்லை. வெயிலில் நெடுந்தூரம் பாரம் சுமந்து வந்தவர் அதை நிலத்தில் வைக்கும்போது வருகிற குரலில்தான் சொன்னார். இன்றைக்கு வரை அந்தப் படம் எங்கும் வந்ததாக நான் அறியவில்லை. யாரும் எடுக்கவில்லையோ, எடுத்தும் போடவில்லையோ. ஒருவன் தெரியாத பெண்ணைக் காப்பாற்றப் போய்ச் செத்தான் என்பதில் யாருக்கும் ஒன்றும் இல்லையோ என்னவோ.

மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். அவர்கள் இருவரும் ஒரே இருக்கையில் இருந்தார்கள், நான் பின்னால் இருந்தேன். செங்கலடி தாண்டுமுன் உம்மா மச்சாளின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வந்தாறுமூலையில் கம்பஸ் பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். மச்சாள் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். கிரான் சந்தியில் பஸ் நின்றது. நான் எழும்பி, இறங்குவோமா என்றேன்.

“நீ இறங்கிப் போ புள்ள. அண்ணனிட்டச் சொல்லு, வரச் சுணங்கும் எண்டு. இவவ வீட்ட கொண்டு விட்டுட்டு வாறன்.”

நான் இறங்கி வீதியோரத்தில் நின்றேன். பஸ் ஓட்டமாவடிப் பக்கமாகப் போனது. யன்னலோரத்தில் உம்மா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தலை ஆடாமல் இருக்க மச்சாள் ஒரு கையால் பிடித்திருந்தார்.